தாய்மை கற்ற போர்வீரர்

ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை புனித கமில்லஸ் தெ லெல்லிஸின் திருவிழாவைக் கொண்டாடுகிறது. நோயாளிகள், மருத்துவமனைகள், செவிலியர் ஆகியோரின் பாதுகாவலர் எனப் போற்றப்படுபவர் அவர். கறுப்பு அங்கியின் மார்பில் சிவப்புச் சிலுவை அணிந்து, நோயுற்றவரைத் தாங்கிப் பிடித்தவராக ஓவியர்கள் அவரைத் தீட்டியிருக்கின்றனர். சமயம் எதுவாயினும், நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ மருத்துவமனைக்கு வந்திருக்கும் ஒவ்வொருவரும் அறியத் தக்க வாழ்க்கை அவருடையது. குறிப்பாக ஆண்கள் அறிய வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் இதுதான். எந்த வார்டுக்குள் நுழைந்து பார்த்தாலும் கட்டிலை ஒட்டிய முக்காலியில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பார். மனைவியோ, மகளோ, மருமகளோ, தாயோ. ஆண்கள் வராமல் இல்லை. பழமும் இளநீரும் வாங்கி வருகிறார்கள். பணம் கட்டுமிடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவர் வரும் வேளையில் முன்னே நின்று கேள்வி கேட்கிறார்கள். இரத்தம் தேவையென்றால் நண்பர்களைத் திரட்டுகிறார்கள். இவை யாவும் இன்றியமையாத பணிகளே. ஆனால் செவிலியர் வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்ததும் அவர்கள் நடைக்கூடத்திற்கு வந்துவிடுகின்றனர். உடல் துடைத்தல், உடை மாற்றுதல், பெட்பேன் வைத்து எடுத்தல், புரட்டிப் படுக்கவைத்தல், சோறு ஊட்டுதல் என்று திரைக்கு உள்ளே நடப்பவையெல்லாம் பெண்ணின் வேலை என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாரும் ஏற்றுக்கொண்ட விதியாக இருக்கிறது. கேட்டால், "அதெல்லாம் எனக்கு வராதுங்க" என்பார்கள். பெண்ணுக்கு அது பிறவியிலேயே வந்துவிடுகிறது என்பது அவ்விடையில் மறைந்திருக்கும் நம்பிக்கை.

கமில்லஸுக்கும் அது வராமல்தான் இருந்தது.

அவர் 1550ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், இன்றைய இத்தாலியின் அப்ருஸ்ஸோ பகுதியிலுள்ள புக்கியானிக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய் கமில்லா மிக முதிர்ந்த வயதில் அவரைப் பெற்றெடுத்தார். மகன் சிறுவனாக இருக்கும்போதே மறைந்தும் போனார். தந்தை படைவீரர், ஊதியம் தருபவருக்காகப் போரிடுபவர், பெரும்பாலும் வீட்டில் இல்லாதவர். மகன் அசாதாரண உயரமும் அதற்கேற்ற முன்கோபமும் கொண்டவராக வளர்ந்தார். ஆறரை அடி உயரம் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. படிப்பு ஏறவில்லை. சீட்டும் பகடையும் ஏறின. தந்தையின் வழியிலேயே வெனிஸ் குடியரசின் படையில் சேரப் புறப்பட்டார். அந்த நாட்களில் காலில் தோன்றிய ஒரு புண், இறக்கும் வரை அவரை விட்டு அகலவில்லை.

அந்தப் புண்ணுக்கு மருத்துவம் தேடித்தான் அவர் 1571இல் உரோமை நகரின் சான் ஜாக்கொமோ மருத்துவமனையை அடைந்தார். 'குணமாகாதோர் மருத்துவமனை' என்பது அதற்கு வழங்கிய பெயர். கையில் பணம் இல்லாததால், மருத்துவத்திற்கு ஈடாக அங்கேயே பணியாளராக வேலை செய்தார். இந்த இடத்தை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். நோயாளர் பராமரிப்பின் பாதுகாவலர் எனப் பின்னாளில் பெயர் பெற்றவர், முதன்முதலாகச் செய்த பராமரிப்பு வேலை மிக மோசமாக இருந்தது. சக பணியாளர்களோடு சண்டையிட்டார். வேலையை விட்டுவிட்டு, தைபர் ஆற்றுத் துறையில் இருந்த படகோட்டிகளோடு சீட்டாடப் போனார். சில மாதங்கள் பொறுத்துப் பார்த்த மருத்துவமனை, இவர் எந்த வேலைக்கும் உதவாதவர் என்று முடிவுசெய்து வெளியே அனுப்பிவிட்டது. நிருவாகத்தின் முடிவில் பிழை காண எனக்கு ஒன்றும் இல்லை. அன்றைய கமில்லஸை இன்றைய எந்த மருத்துவமனையும் ஒரு வாரங்கூட வைத்துக்கொள்ளாது.

மீண்டும் படைவாழ்க்கை; மீண்டும் சூதாட்டம். 1574இல் நேப்பிள்ஸ் நகரில், உடுத்தியிருந்த சட்டை முதற்கொண்டு அனைத்தையும் தோற்றார். மான்பிரெதோனியா என்னும் ஊரில் கப்புச்சின் துறவியர் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் கழுதை ஓட்டிக் கல்லும் சுண்ணாம்பும் சுமக்கும் கூலியாளாக ஒதுங்கினார். அங்கேதான், 1575ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், ஒரு துறவி முந்தைய நாள் தம்மிடம் பேசியவற்றை எண்ணிக்கொண்டே வழிநடந்தபோது அவருடைய மனம் உடைந்தது. நிலத்தில் விழுந்து அழுதார் என்பர். கப்புச்சின் சபையில் சேர விரும்பினார், சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் துறவாடை உராய்ந்து பழைய புண் மீண்டும் திறந்துகொண்டது. அவர்களும் திருப்பி அனுப்பினார்கள். ஆக, மருத்துவமனை ஒரு முறை தள்ளியது, மடமும் தள்ளியது. போகும் இடம் தெரியாமல், ஏற்கெனவே தம்மை வெளியேற்றிய அதே சான் ஜாக்கொமோவின் வாசலுக்கு அவர் திரும்பி வந்தார்.

இம்முறை அவர் வேறொருவராக வேலை செய்தார். ஆயினும் ஒரே இரவில் எல்லாம் மாறிவிடவில்லை. மருத்துவம் பெறுபவராகவும் பணியாளராகவும் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்து, ஒவ்வொரு வேலையாகக் கற்றுக்கொண்டு, இறுதியில் அம்மருத்துவமனையின் உள்நிருவாகப் பொறுப்பாளராக உயர்ந்தார். அப்பொழுதுதான் அன்றைய மருத்துவமனைகளின் உண்மையான நிலை அவருக்கு முழுமையாக விளங்கியது. கூலிக்கு அமர்த்தப்பட்ட பணியாளர்கள் வேண்டாவெறுப்பாக வேலை செய்தார்கள். நோயாளிகள் அழுக்கில் கிடந்தார்கள். கூப்பிட்டால் வர ஆளில்லை. உண்ண முடியாதவரின் முன் வைத்த உணவு அப்படியே இருந்தது. இறந்துவிட்டார் என்று அவசரமாக முடிவுகட்டி, உயிர் முற்றிலும் பிரியாதவரையும் அப்புறப்படுத்திய நிகழ்ச்சிகளும் உண்டு. பிற்காலத்தில் கமில்லஸ், மூச்சு நின்றதாகத் தோன்றிய பிறகும் கால்மணி நேரம் அருகிலிருந்து மன்றாட வேண்டும், முகத்தை உடனே மூடலாகாது என்று தம்மவர்க்குக் கட்டளையிட்டதற்குக் காரணம் அதுவே.

நோயாளியாக அக்கட்டில்களில் படுத்திருந்தவர் அவர். தண்ணீர் கேட்டு யாரும் வராத இரவு எவ்வளவு நீளமானது என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலையைத் தட்டிக்கழித்துவிட்டுச் சீட்டாடப் போகும் பணியாளரின் மனமும் அவர் அறிந்ததே. இவ்விரண்டையும் தம் உடலிலேயே அறிந்திருந்த ஒருவர்தாம், 1582ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து இரவொன்றில், கூலிக்காக அன்றி அன்பிற்காக நோயாளிகளுக்குப் பணிபுரியும் மனிதரின் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று எண்ணினார். அவரோடு சேர்ந்தவர்கள் ஒரு கைவிரல்களில் அடங்கும் சிலரே. மருத்துவமனை நிருவாகிகளுக்கு ஐயம் எழுந்தது. இவர்கள் மருத்துவமனையையே கைப்பற்றப் பார்க்கிறார்களோ என்று அஞ்சினார்கள். தடைகள் வந்தன. ஆன்ம வழிகாட்டியாக இருந்த புனித பிலிப்பு நேரியும் அத்திட்டத்தை விரும்பவில்லை. எனினும் கமில்லஸ் பின்வாங்கவில்லை. குருவானால்தான் குழுவை நடத்த இயலும் என்று உணர்ந்ததும், 32 வயதில், சிறுவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து இலத்தீன் படிக்கத் தொடங்கினார். அந்த நெடிய உருவத்தைக் கண்டு பிள்ளைகள் கேலி செய்தார்கள். 1584இல் குருப்பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் தம் தோழர்களுக்காக மருத்துவமனைப் பணிக்கான விதிமுறைகளை எழுதினார். நான் இக்கட்டுரையை எழுத முனைந்ததே அவ்விதிகளில் ஒன்றின் பொருட்டு. ஒரே மகன் நோயுற்றிருக்கையில் அன்புள்ள தாய் அவனை எவ்வாறு பேணுவாளோ, அவ்வாறே நோயாளிகளைப் பேணும் தாய்மைப் பரிவைத் தமக்கு அருளுமாறு ஒவ்வொருவரும் இறைவனிடம் வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. யாரை நோக்கிச் சொன்னார் என்பதைப் பாருங்கள். அக்குழுவில் பெண்கள் இல்லை. தாயைப் போல் இருங்கள் என்று அவர் பணித்தது முழுக்க ஆண்களை. பணித்தவரோ வாள் பிடித்த கையும் சூதாடிய கையும் உடையவர். இளமையிலேயே தாயை இழந்தவர். தாய்மை பெண்ணின் உடலோடு பிறப்பது, ஆணுக்கு எட்டாதது என்று அவர் கருதியிருந்தால் அப்படி ஒரு விதியை எழுதியிருக்க மாட்டார். அது வேண்டிப் பெறத் தக்கது, பழகிப் பெறத் தக்கது என்றே அவர் நம்பினார். நோயாளியிடம் கடுஞ்சொல் கூறலாகாது, முரட்டுத்தனமாகக் கையாளலாகாது என்பவையும் அவ்விதிகளில் உண்டு. கைகளில் இன்னும் அதிகமாக இதயத்தை வையுங்கள் என்று தோழர்களிடம் அடிக்கடி சொல்வார் எனக் கூறப்படுவதும் இக்கருத்தை ஒட்டியதே.

1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அக்குழுவுக்கு ஒப்புதல் அளித்து, அங்கியில் சிவப்புச் சிலுவை அணியவும் இசைந்தார். (இன்றைய செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம் இதிலிருந்து பிறந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அச்சின்னம் சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்தது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிந்தியது.) 1591இல் திருத்தந்தை பதினான்காம் கிரகோரி அதைத் துறவற சபையாக உயர்த்தினார். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு, உயிருக்கு ஆபத்து நேரினும் நோயாளிகளுக்குப் பணிபுரிவோம் என்னும் நான்காவதையும் அச்சபையினர் எடுத்துக்கொண்டனர். அது வெறும் சொல்லாக நிற்கவில்லை. கொள்ளைநோய் கண்ட கப்பல்கள் நேப்பிள்ஸ் துறைமுகத்திற்குள் நுழையத் தடைவிதிக்கப்பட்டபோது, அக்கப்பல்களுக்கே சென்று நோயாளிகளைப் பேணினார்கள். இருவர் அங்கே தொற்றிய நோயால் இறந்தனர். 1595இலும் 1601இலும் அங்கேரி, குரோவாசியாப் போர்க்களங்களுக்குச் சென்று காயமுற்றோருக்கு உதவினார்கள். 1598ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் தைபர் ஆறு பெருக்கெடுத்து உரோமையை மூழ்கடித்தபோது, சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையின் நோயாளிகளைக் கமில்லஸும் தோழர்களும் தூக்கிச் சுமந்து மேல்தளத்தில் சேர்த்தார்கள். ஆறரை அடி உயரம் அன்று பயன்பட்டது.

வீரச்செயல்களை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன். அவற்றை வியப்பது ஆண்களுக்கு எளிது. வெள்ளத்தில் இறங்கி நோயாளியைத் தூக்கி வர இன்றும் எந்த மகனும் தயங்கமாட்டான். அடுத்த நாள் அதே நோயாளியின் அழுக்கான வேட்டியை மாற்றுவது யார் என்பதில்தான் சிக்கல் எழுகிறது.

கமில்லஸின் சபைக்குள்ளேயே அந்தச் சிக்கல் எழுந்தது என்பது அவர் வாழ்க்கையின் அதிகம் பேசப்படாத பகுதி. சபை வளர்ந்து, குருக்கள் பெருகியதும் ஒரு கேள்வி தலைதூக்கியது. மருத்துவமனையில் நாம் செய்ய வேண்டியது என்ன? மரணத் தறுவாயில் இருப்போர்க்கு ஆறுதல் கூறுவதும் அருளடையாளங்களை வழங்குவதும் போதாதா? கட்டில் விரிப்பதும் கழிவு அகற்றுவதும் பணியாளர்கள் செய்யலாமே? கமில்லஸ் இதை ஏற்கவில்லை. சபையினர் மருத்துவமனையிலேயே தங்கி, இரவும் பகலும், ஆன்மப் பணியையும் உடற்பணியையும் சேர்த்தே முழுமையாக ஏற்க வேண்டும் என்றார். மிலான் நகரின் பெரிய மருத்துவமனையில் அவ்வாறே பொறுப்பேற்கவும் செய்தார். சபையில் பலர் அஞ்சினார்கள். இவ்வளவு பாரத்தைச் சுமந்தால் சபையே நிலைகுலையும் என்று வாதிட்டார்கள். அவ்வச்சத்தை முற்றிலும் புறந்தள்ள முடியாது. இளந்துறவியர் பலர் அப்பணியில் நோயுற்று மாண்டனர். நெடிய வாதங்களுக்குப் பின், 1600ஆம் ஆண்டு திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் ஓர் இணக்கத்தை உறுதிசெய்தார். 1607இல் கமில்லஸ் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். துறந்த பின் அவர் விரும்பிச் சென்றது, சாதாரணப் பணியாளராக, மீண்டும் கட்டில்களுக்கு இடையே.

அந்த வாதத்தைப் படிக்கையில் நம் நடைக்கூடங்கள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பேசுவதும் முடிவெடுப்பதும் ஒருவருக்கு. துடைப்பதும் கழுவுவதும் இன்னொருவருக்கு. முதலாவது மதிப்புடையது, இரண்டாவது தாழ்ந்தது. கமில்லஸ் இந்தப் பிரிவையே மறுத்தார். நோயாளியை ஆள்பவராகக் கருதி, தம்மைப் பணியாளராகக் கொண்டு பேசுவது அவர் வழக்கம். ஒருமுறை அவர் ஒரு நோயாளிக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது, திருச்சபையின் உயர் அலுவலர் ஒருவர் உடனே வருமாறு ஆளனுப்பினார். தாம் இப்போது ஆண்டவர் இயேசுவோடு அலுவலாக இருப்பதாகவும், அது முடிந்ததும் வருவதாகவும் சொல்லி அனுப்பினார் கமில்லஸ்.

கட்டிலருகே நடப்பது எளிய வேலை என்று வெளியில் நிற்பவர்களுக்குத் தோன்றலாம். அது உண்மையன்று. தாமாகப் புரள முடியாத நோயாளியை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றிவிடும். இழுத்துத் திருப்பினால் தோல் உரியும். விரிப்போடு சேர்த்துத் தூக்கித் திருப்ப வேண்டும். அதற்கு இருவர் வேண்டும், வலுவுள்ள கைகள் வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். நிமிர்த்தி அமரவைத்து, சிறு சிறு வாயாக ஊட்டி, உண்ட பின்னும் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கச் செய்ய வேண்டும். நீரிழிவு நோயாளியின் பாதத்தை நாள்தோறும், விரலிடுக்குகள் உட்பட, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்த காலில் ஏற்படும் காயத்தை அவரே அறியமாட்டார். இவற்றில் எதையும் எந்தப் பெண்ணும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை. நம் வார்டுகளில் மாமியாருக்கோ கணவருக்கோ இன்று திறம்படச் செய்யும் பெண், முதல் நாள் செவிலியர் காட்டித் தந்ததைக் கைநடுங்கச் செய்தவர்தாம். வேறு வழியில்லாததால் கற்றார். அவ்வளவே வேறுபாடு.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். ஆண்கள் வேலைக்குப் போனால்தானே மருத்துவச் செலவுக்குப் பணம் வரும் என்பர். உண்மை. நாள்கூலி பெறும் ஒருவர் பகலெல்லாம் கட்டிலருகே இருக்க முடியாது. ஆனால் அவருடைய மனைவியும் பல வீடுகளில் வேலைக்குச் செல்பவர்தாம். மருத்துவமனை என்று வந்ததும் வேலையை விடுபவர் யார் என்பதைக் கேட்டே தீர வேண்டும். மேலும் இரவு என்று ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நோயாளி பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்பர். அவருடைய கூச்சத்தை மதிக்கத்தான் வேண்டும். பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்கக்கூடாது என்னும் விதி நியாயமானதே. ஆயினும் தாய்க்குச் சோறு ஊட்ட, தலை வார, கால் பிடித்துவிட, நகம் வெட்ட எந்தக் கூச்சமும் குறுக்கே நிற்பதில்லை. மனைவியின் உடலைத் துடைக்கக் கணவருக்குத் தடை ஏது?

இங்கே நோயாளிகளான ஆண்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மகன் உதவ முன்வந்தாலும், "உனக்கு எதுக்குப்பா, அம்மா வரட்டும்" என்று தடுப்பவர் பலவேளை தந்தையே. எழுபது வயதில் முதுகுவலியோடு வீட்டிலிருந்து வந்துகொண்டிருக்கும் அந்த அம்மா வரும் வரை, நனைந்த விரிப்பிலேயே படுத்திருக்கிறார். மகன் கையால் அவ்வேலையைச் செய்வித்துக்கொள்வது மானக்குறைவு என்று எண்ணுகிறார். அந்த மகனும் ஒரு காலத்தில் நனைத்த துணியோடு உங்கள் மடியில் கிடந்தவன்தான், ஐயா. அன்று அவனுக்கு வராத கூச்சம் இன்று உங்களுக்கு எதற்கு?

இந்த ஓர் இடத்தில் மட்டும் புனிதரோடு எனக்கு உடன்பாடில்லை. கமில்லஸின் காலில் இருந்த புண் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆறவில்லை. அதோடு குடலிறக்கம், சிறுநீரகக் கற்கள், பாதத்தின் அடியில் வலிமிகுந்த காய்ப்புகள் எனத் துன்பம் பெருகியது. இறுதிக் காலத்தில் உணவும் தங்கவில்லை. அந்நிலையிலும், பிறர் தமக்குப் பணிவிடை செய்ய அவர் இடங்கொடுக்கவில்லை. நிற்க முடியாத போதும் படுக்கையிலிருந்து இறங்கி, தவழ்ந்தும் தள்ளாடியும் மற்ற நோயாளிகளின் கட்டில்களுக்குச் சென்று, அவர்களுக்கு ஏதேனும் வேண்டுமா என்று கேட்டார் என்று வரலாறு கூறுகிறது. படிக்கும்போது கண்கள் கலங்குகின்றன. ஆனால் இதை வாசகர்கள் பின்பற்ற வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள், யாருக்கும் தொல்லை தரக்கூடாது என்று தனியே கழிப்பறைக்கு நடந்து, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களை எந்தச் செவிலியரும் சொல்வார். அழைப்புமணி கட்டிலில் பொருத்தப்பட்டிருப்பது அழுத்துவதற்காகத்தான். தாய்மையைப் பிறருக்கு அள்ளித் தந்த அப்பெருமகன், தாம் பிள்ளையாய் இருந்து அதைப் பெற மட்டும் கூச்சப்பட்டார் போலும். நம் தந்தையரின் கூச்சமும் அதன் தொலைவான உறவே.

ஆறாத புண்ணைப் பற்றி இன்னும் ஒரு சொல். டயாலிசிஸ், நீரிழிவு, பக்கவாதம் என்று, முழுவதும் குணமாகித் திரும்ப முடியாத நோய்களோடு வாழ்பவர்கள் இவ்விதழை நிறையப் பேர் படிக்கின்றனர். கமில்லஸ் எந்நாளும் குணமடையவில்லை. தாம் நிறுவிய அனைத்தையும் கட்டுப்போட்ட காலோடுதான் நிறுவினார். அந்தக் கால் இல்லாதிருந்தால் அவர் சான் ஜாக்கொமோவுக்கு வந்திருக்கவே மாட்டார். நோய் நல்லது என்று நான் கூற வரவில்லை. அப்படிக் கூறுவோரை நான் நம்புவதில்லை. கட்டிலில் கிடந்து அறிந்ததை அவர் வீணாக்கவில்லை என்பதே செய்தி. எந்தக் கை வலிக்காமல் திருப்புகிறது, எந்தச் சொல் தைக்கிறது, எந்த நேரத்தில் பயம் வருகிறது என்பவை மருத்துவருக்கும் தெரியாதவை. நோயாளிக்கு மட்டுமே தெரிந்தவை. அவற்றை உடனிருப்பவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள வந்திருக்கும் மகனுக்கு உங்களைக் காட்டிலும் நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

கமில்லஸ் 1614ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் உரோமையில் காலமானார். 1746இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1886இல் நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும், 1930இல் செவிலியருக்கும் அவர் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். இரு முறையும் அவரோடு சேர்த்து அறிவிக்கப்பட்டவர், கிரனாடா நகரில் நோயுற்ற ஏழைகளைப் பேணிய புனித இறை யோவான். அவரும் ஓர் ஆண். அவரும் முன்னாள் போர்வீரர். செவிலியர் என்றதும் பெண்ணுருவையே எண்ணப் பழகிய நமக்கு இது சற்று வியப்பளிக்கலாம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் இலண்டனில் பயிற்சிப்பள்ளி தொடங்கி, பெண்களுக்கு அப்பணியை மதிப்புமிக்க தொழிலாக ஆக்கித் தந்தது மாபெரும் சாதனை. அதற்கும் முந்நூறு ஆண்டுகள் முன்பே ஆண்கள் அதைச் செய்துவந்தார்கள் என்பதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே இவ்விதழ் உங்கள் கைக்கு வரும் நாளில், உங்கள் வீட்டவர் யாரேனும் கட்டிலில் இருந்தால், அடுத்த முறை திரை மூடப்படும்போது, ஆடவர்களே, நடைக்கூடத்திற்கு வரவேண்டாம். கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளேயே நில்லுங்கள். எப்படிச் செய்வது என்று காட்டித் தருமாறு செவிலியரைக் கேளுங்கள்; கையுறை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை குமட்டலாம், முகமூடி அணிந்துகொள்ளலாம். முக்காலியில் பத்து நாளாக அமர்ந்திருக்கும் அந்த அம்மையாரை வீட்டுக்கு அனுப்பி, அன்றிரவு மட்டுமாவது தம் கட்டிலில் கால்நீட்டி உறங்கச் சொல்லுங்கள்.